தடித்துச் சாய்ந்த எழுத்து: மதுரை அச்சு மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில் அச்சுப் பக்கங்களை வடிவமைத்து வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்லூரி மலர், கடைப் பலகை என எல்லாம் இந்த மேசையைத் தாண்டித்தான் போகின்றன. வருபவர்களில் பலர் திரையைப் பார்த்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "எழுத்தைத் தடிமனாக்கி லேசாகச் சாய்த்துவிடுங்கள், எடுப்பாக இருக்கும்" என்பதே. அந்த எழுத்து எனக்கும் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் அதைக் கண்ட இடத்தில் எல்லாம் போடச் சம்மதிப்பதில்லை. அதையொட்டி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

"போல்டு இட்டாலிக் சான்ஸ் செரிஃப்" என்று வடிவமைப்பாளர்கள் சொல்வது எதை?

மூன்று குணங்கள் ஒன்றாகச் சேர்ந்த எழுத்தை. ஆங்கிலப் புத்தக எழுத்தின் முனைகளில் குட்டிக் குட்டிக் கோடுகள் பாதம் வைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைக்கோடுதான் செரிஃப். அது இல்லாமல் நறுக்கென்று முடிந்துவிடும் எழுத்து சான்ஸ் செரிஃப். கோடு பருத்திருந்தால் போல்டு, அதாவது தடித்த எழுத்து. தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தால் இட்டாலிக், சாய்வெழுத்து.

இந்த மூன்றும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல. சாய்வெழுத்துதான் மூத்தது. வெனிஸ் நகரத்துப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸுக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக் கொடுத்த எழுத்தில் 1501-ல் வெர்ஜிலின் கவிதைகள் முழுக்க அச்சாயின. அன்று அது ஒரு சொல்லை அழுத்திக் காட்டுவதற்கான எழுத்து அல்ல. நூலின் முதல் வரி முதல் கடைசி வரி வரை அதுதான். முனைக்கோடு இல்லாத அச்செழுத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து வந்தது. லண்டனில் நான்காம் வில்லியம் கேஸ்லன் 1816-ல் தம் எழுத்து மாதிரி ஏட்டில் அதைக் காட்டினார், அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மட்டும். விளம்பரச் சுவரொட்டிகள் பெருகிய அந்த நூற்றாண்டில் பருமனும் வந்து சேர்ந்தது. கவிதை நூலின் சாய்வும் சுவரொட்டியின் பருமனும் கூடிப் பிறந்த எழுத்து இது. அதன் பலம், பலவீனம் இரண்டுமே அந்தக் கலப்பிலிருந்து வருகின்றன.

அதன் குணம் என்ன? எதற்குப் பொருந்தும்?

அது ஓடுகிற எழுத்து. நம் கண் இடமிருந்து வலமாகப் போகிறது, எழுத்தும் அதே பக்கம் முன்சாய்ந்து நிற்கிறது. அதனால் ஒரு விரைவு தானாகவே வந்துவிடுகிறது. பருமன் அதற்குக் குரல் கொடுக்கிறது. முனைக்கோடு இல்லாததால் அந்தக் குரலில் அலங்காரம் இல்லை, நேராகச் சொல்கிறது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வழியாக "வழி விடுங்கள், வழி விடுங்கள்" என்று வரும் அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். காதில் விழும் அந்த அறிவிப்பு கண்ணுக்கு எழுத்தாக வந்தால் இப்படித்தான் இருக்கும்.

எனவே கூரியர் வண்டி, விளையாட்டுக் குழு, பந்தயம், "இன்றே கடைசி", "பாதி விலை" ஆகிய இடங்களில் அது சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கும். கலையிலும் அதற்கு இடம் உண்டு. அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர், பியூச்சுரா எழுத்துருவின் தடித்த சாய்வு வடிவத்தைச் சிவப்புப் பட்டையில் வெள்ளையாக வைத்து, கருப்பு வெள்ளைப் புகைப்படங்களின் மேல் ஒட்டினார். வார்த்தைகள் மிகக் குறைவு. அந்தக் குறைவுதான் அவற்றை அறைவதுபோல் ஆக்கியது. நான் இளையவர்களுக்குக் காட்டும் முதல் பாடம் அந்தப் படங்கள்தான்: இந்த எழுத்தில் நாலு சொல் வலிமை, நாற்பது சொல் இரைச்சல்.

இட்டாலிக்கும் சாய்த்த எழுத்தும் ஒன்றுதானே?

இல்லை. உண்மையான இட்டாலிக் வேறு வடிவம் கொண்டது. கில் சான்ஸ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த நிலையில் அதன் ஆங்கிலச் சின்ன 'ஏ' (a) எழுத்துக்கு மேலே ஒரு வளைவும் கீழே ஒரு வயிறும் இருக்கும். சாய்வில் அந்த மேல் வளைவு போய்விடும், கையால் எழுதும் ஒற்றை வயிற்று 'ஏ' வரும். எழுத்தே மாறுகிறது.

ஹெல்வெடிகா அப்படி அல்ல. அங்கே நிமிர்ந்த வடிவமே 12 டிகிரி சாய்ந்து நிற்கிறது. இதற்கு ஆப்ளிக் என்று பெயர். ஆனால் நல்ல ஆப்ளிக்கையும் வெறுமனே தள்ளிவிட்டுப் போவதில்லை, சாய்த்தபின் வளைவுகளைக் கையால் திருத்துவார்கள். முனைக்கோடு இல்லாத எழுத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. அட்ரியன் ஃப்ருட்டிகர் 1957-ல் வெளிவந்த யூனிவர்ஸ் குடும்பத்துக்குப் பெயர் வைக்காமல் எண் வைத்தார்: முதல் இலக்கம் பருமன், இரண்டாம் இலக்கம் அகலமும் சாய்வும். 55 என்றால் சாதாரணம், 56 சாய்வு, 65 தடிமன், 66 தடித்த சாய்வு. எழுத்துருப் பட்டியலில் 66 என்று பார்த்தால் பயந்துவிடாதீர்கள், நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆள்தான்.

கணினியில் பொத்தானை அழுத்தினால் சாய்கிறதே, அது போதாதா?

எழுத்துருவிலேயே சாய்வு வடிவம் வரைந்து வைக்கப்பட்டிருந்தால் பொத்தான் அதைக் கொண்டுவரும். வரையப்படவில்லை என்றால் கணினி ஒரு குறுக்குவழி செய்கிறது. நிமிர்ந்த எழுத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தள்ளுகிறது. சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் எப்படிச் சாயுமோ அப்படி.

இதில் என்ன கெடுகிறது என்று ஒரு வட்டத்தை வைத்துப் பார்க்கலாம். தடித்த 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைத் தள்ளுங்கள். வட்டம் முட்டையாகும், அது பரவாயில்லை. ஆனால் கோட்டின் பருமன் இடத்துக்கு இடம் மாறிவிடும். ஒரு மூலைவிட்டத்தில் கோடு வீங்கும், எதிர் மூலைவிட்டத்தில் இளைக்கும். மெல்லிய எழுத்தில் இந்தக் குறை தெரியாது. தடித்த எழுத்தில் கோடே இரு விரல் பருமன் என்பதால் வீக்கம் பளிச்சென்று தெரியும். நல்ல எழுத்துருக் கலைஞர் இதைச் சரிசெய்யத்தான் மாதக்கணக்கில் உட்காருகிறார். பொத்தான் அதை நொடியில் செய்வதாகச் சொன்னால், செய்யவில்லை என்று அர்த்தம்.

தமிழ் எழுத்தைச் சாய்த்தால் மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகிறீர்கள்?

பட்டுத் தெரிந்துகொண்டதால். பல ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்து வீட்டார் ஒருவருக்குத் திருமண போஸ்டர் செய்தேன். டபுள் கிரவுன் என்னும் பெரிய சுவரொட்டி அளவு, நல்ல காகிதம், நல்ல வண்ணம். தலைப்பை அதிகபட்சத் தடிமனில் வைத்து, பொத்தானை அழுத்திச் சாய்த்தேன். திரையில் கம்பீரமாக இருந்தது. சுவரில் ஒட்டிய பிறகு, சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது 'திருமனம்' என்று தெரிந்தது. மூன்று சுழி ணகரத்தின் உள்வெளிகள் பருமனில் அடைந்து, சாய்வில் நசுங்கி, இரண்டு சுழியாகிவிட்டன. மணப்பெண்ணின் தாத்தா தமிழாசிரியர். அன்று முழுவதும் அவரிடம் வந்து வந்து எழுத்துப்பிழை என்றிருக்கிறார்கள். அவர் என்னிடம் கோபப்படவில்லை. போஸ்டரைக் கையில் எடுத்து வந்து மேசையில் விரித்து, "தம்பி, நீங்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அது சரியாகத் தெரியவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் இந்தத் தொழிலைப் புதிதாகக் கற்றேன்.

காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பாதி ஒரே நடுப்பட்டையில் அடங்கிவிடும். தமிழ் அப்படி இல்லை. மேலே புள்ளி வரும், கி, கீ என்று மேல்விலங்கு வரும். கீழே கு, கூ, ழு, று என்று வாலும் வளைவும் தொங்கும். சாய்க்கும்போது அடிக்கோட்டுக்கு மேலே இருப்பது வலப்பக்கம் நகரும், கீழே தொங்குவது இடப்பக்கம் நகரும். இணைய வடிவமைப்பில் வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் 14 டிகிரிச் சாய்வில், நாலு அங்குல உயரத்துக்கு ஒரு அங்குலம் நகர்வு. அதாவது நாலு அங்குல உயரத்தில் நிற்கும் புள்ளி ஒரு அங்குலம் வலப்பக்கம் போய்விடும். 'ர்' போன்ற ஒடுங்கிய எழுத்தில் அது பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். ழகரத்தின் வால் முந்தைய எழுத்தின் காலடியில் நுழையும். ஒரே சொல்லுக்குள் புள்ளி ஒரு பக்கம், வால் எதிர்ப்பக்கம் என்று இழுத்தால் சொல் எப்படி நிற்கும்?

இன்னொன்று, டகரமும் பகரமும். இவை செங்குத்துக் கோடும் படுக்கைக் கோடும் சந்திக்கும் எழுத்துகள். நிமிர்ந்து நின்றால் சுவர் மாதிரி உறுதி. சாய்த்தால் படுக்கைக் கோடு அப்படியே கிடக்க, குத்துக்கோடு மட்டும் சரிகிறது. சரிகிற பந்தல்கால் போல இருக்கும். அதற்குப் பக்கத்தில் வட்டமான ளகரமோ கொம்போ வந்தால், ஒன்று விழுகிறது, மற்றொன்று உருள்கிறது. கண் களைத்துவிடும்.

நம் எழுத்து மரபில் சாய்வே கிடையாதா?

அச்சு மரபில் கிடையாது, அவ்வளவுதான் சொல்ல முடியும். மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்துக் குகைகளில் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒரே பருமன் கொண்ட கோடுகள், முனையில் எந்த அலங்காரமும் இல்லை. இன்றைய சொல்லில் சொன்னால் அவை முனைக்கோடு இல்லாத எழுத்துகளே. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்று கீறியிருப்பதும் அதே இனம். அங்கே பல கீறல்கள் கையின் போக்கில் கொஞ்சம் சரிந்தும் இருக்கும், பானையின் வளைவில் கீறினால் வேறு எப்படி வரும்? மதுரை ஆனைமலையின் நரசிங்கம் குடைவரையில் கி.பி. 770-ஆம் ஆண்டைச் சேர்ந்த வட்டெழுத்தைப் பார்த்தால், கோணங்கள் உருகி வளைவுகளாகிவிட்டது தெரியும். ஓலையும் எழுத்தாணியும் நம் எழுத்தை உருட்டிவிட்டன என்பார்கள், நீளமான நேர்கோடு ஓலையைக் கிழித்துவிடும் என்பதால்.

ஈய எழுத்துக் காலத்திலும் சாய்வு தேவைப்படவில்லை. பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது அதற்கென அச்சகமும் அமைந்தது. அந்தக் காலத்து உரைநூல்களைப் புரட்டிப் பாருங்கள். மூலம் பெரிய எழுத்தில், உரை சிறிய எழுத்தில். வேறுபாட்டை அளவே சொல்லிவிட்டது. அச்சுக்கோப்பவரின் கேஸில், அதாவது அறைகள் கொண்ட எழுத்துப் பெட்டியில், இருக்கும் தமிழ் எழுத்துகளை ஒரு தடவை அடுக்கவே நூற்றுக்கணக்கான அறைகள் வேண்டும். சாய்வுக்கு இன்னொரு முழுத் தொகுதி என்றால் எந்த அச்சகம் தாங்கும்?

ஆனால் கையால் பலகை எழுதிய ஓவியர்கள் சாய்த்தார்கள், அழகாகவும் சாய்த்தார்கள். லாரிப் பின்பலகையிலும் பஸ் பக்கவாட்டிலும் சுண்ணாம்புக்கட்டியால் முதலில் சாய்கோடுகள் போட்டுக்கொண்டு, அந்தக் கோடுகளுக்குள் பிரஷ்ஷை இழுப்பார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாகக் கண்ணால் அளவு. புள்ளி எங்கே போக வேண்டும் என்று சாய்வைக் கேட்கமாட்டார்கள், எழுத்தைக் கேட்பார்கள். சுழியைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிடுவார்கள். பிளக்ஸ் வந்து அவர்களில் பலரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டது. அவர்கள் கையில் இருந்த திருத்தங்கள் எந்தக் கணினிக்குள்ளும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அப்படியானால் தமிழில் ஒரு சொல்லை எப்படி அழுத்திக் காட்டுவது?

முதலில் தமிழையே கேளுங்கள். ஆங்கிலத்தில் 'அவன்' என்பதற்கு நிகரான சொல்லைச் சாய்த்துப் போட்டால் "வேறு யாரும் அல்ல, அவன்" என்று பொருள் வரும். தமிழில் அதற்கு எழுத்தைச் சாய்க்க வேண்டியதே இல்லை. 'அவனே', 'அவன்தான்' என்றால் முடிந்தது. ஏகாரத்துக்குத் தேற்றம், பிரிநிலை, வினா, எண், ஈற்றசை என்று ஐந்து பொருள்களைத் தொல்காப்பியம் அடுக்குகிறது. அவற்றில் தேற்றமும் பிரிநிலையும் ஆங்கில அச்சுக்கோப்பவர் சாய்வெழுத்தால் செய்யும் வேலையைச் செய்கின்றன. அழுத்தம் நம் மொழியில் எழுத்துருவுக்கு வெளியே, சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சொல்லின் இடத்தை மாற்றியும் அழுத்தலாம்: "மதுரைக்கு நாளை வருகிறேன்", "நாளை மதுரைக்கு வருகிறேன்", "வருகிறேன் நாளை மதுரைக்கு".

அச்சிலேயே வேறுபாடு காட்ட வேண்டும் என்றால் தடித்த எழுத்து போதும், சாய்க்காமல். நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி. போஸ்டரில் வண்ணம் அல்லது அளவு. ஒரே நேரத்தில் தடித்து, சாய்த்து, அடிக்கோடிட்டு, சிவப்பாக்கிக் கொண்டுவருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "இந்த நான்கில் எது மிகவும் பிடிக்கும்?" அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு இந்த எழுத்து ஆகுமா?

வேண்டாம். துக்கத்துக்கு அவசரம் கிடையாது. நிமிர்ந்த எழுத்து, நடுத்தரப் பருமன், வரிகளுக்கிடையே நிறைய இடம்.

ஜல்லிக்கட்டு பனியன் எண்களைச் சாய்த்துப் போடலாமா?

தை மாதம் பிறக்கும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று களம் எதுவானாலும் மாடுபிடி வீரர்களின் பனியனில் எண் இருக்கும். மேடையில் இருப்பவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அறிவிப்பார். புழுதி பறக்கிறது, வீரர் திமிலைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறார், துணி மடிகிறது. இத்தனைக்கும் நடுவில் 3, 6, 8, 9 ஆகியவற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மிகத் தடித்த சாய்ந்த எண்ணில் 6-இன் வாய் மூடிக்கொண்டால் அது 8. 3-இன் இடப்பக்கம் அடைந்தால் அதுவும் 8. பிடித்தவர் ஒருவர், பரிசு இன்னொருவருக்கு என்று ஆகக்கூடாது. எனவே எண்ணை நிமிர்த்தி, நடுத்தரத் தடிமனில், வாய் திறந்த வடிவமாகப் போடுங்கள். ஊர்ப் பெயரையோ குழுப் பெயரையோ ஆங்கிலத்தில் போடுவதானால் அதைத் தாராளமாகத் தடித்துச் சாய்க்கலாம். அது அழகுக்கு, எண் அடையாளத்துக்கு. கபடிக் குழுக்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

எத்தனை அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்று எப்படிக் கணக்கிடுவது?

பலகைத் தொழிலில் உள்ள கணக்கு: எழுத்து ஒரு அங்குல உயரம் என்றால் பத்து அடி தூரத்தில் வசதியாகப் படிக்கலாம். அது நிமிர்ந்த ஆங்கில எழுத்துக்கானது. சுழிகள் நிறைந்த தமிழுக்கு நான் அதைவிட உயரமாகவே வைக்கிறேன். தடித்த சாய்வு என்றால் இன்னும் கூட்டுவேன். சந்தேகம் இருந்தால் ஒரு ஏ4 தாளில் சிறிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

தமிழில் தடித்த சாய்வு வடிவம் கொண்ட எழுத்துருக்கள் உண்டா?

முனைக்கோடு இல்லாத வகையில் மிக அரிது. நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஹிந்த் மதுரையைப் பாருங்கள். இந்தியன் டைப் பவுண்டரி வெளியிட்ட திறந்த உரிம எழுத்துரு, லைட் முதல் போல்டு வரை ஐந்து பருமன்கள், சாய்வு இல்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரானில் ஒன்பது பருமன்கள், சாய்வு இல்லை. முக்தா மலரில் ஏழு, அதிலும் இல்லை. விண்டோஸ் கணினியோடு வரும் லதாவுக்கும் நிர்மலாவுக்கும் தடித்த வடிவம் உண்டு, சாய்வு கிடையாது. அங்கெல்லாம் நீங்கள் பார்க்கும் சாய்வு கணினி தள்ளியதுதான். இதைக் குறையாக நான் எண்ணவில்லை. இந்தக் கலைஞர்கள் தமிழின் தேவை பருமனில் இருக்கிறது என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. நோட்டோ செரிஃப் தமிழுக்கு வரைந்த சாய்வு வடிவம் இருக்கிறது, தடித்ததும் உண்டு. ஆனால் அது கோட்டுப் பருமன் ஏறி இறங்கும் நூல் எழுத்து, போஸ்டருக்கான மொட்டைக்கோடு அல்ல. இலங்கைக் கலைஞர் தாரிக் அசீஸ் செய்த கவிவனார், கையெழுத்தின் சாய்வை அடிப்படையாகக் கொண்டது. ஒரே பருமன்தான். அழைப்பிதழில் ஒரு வரிக்கு நான் அதைப் பயன்படுத்துவதுண்டு, அந்த வரி மூச்சுவிடுவதுபோல் வரும்.

கல்லூரி மாணவர்கள்: ஆய்வேட்டில் இந்த எழுத்து எங்கே கட்டாயம்?

அழகுக்காக இல்லாமல் பொருளுக்காகவே வரும் இடங்கள் உண்டு. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் அறிவியல் பெயரான ஜாஸ்மினம் சம்பக் என்பதை லத்தீன் எழுத்தில் எழுதும்போது சாய்வெழுத்தில் எழுதுவது உயிரியல் வழக்கம். பேரினத்தின் முதலெழுத்து பெரியது, சிற்றினம் சிறிய எழுத்தில். அது தடித்த தலைப்புக்குள் வந்தால் இயல்பாகவே தடித்த சாய்வாகிவிடும். தமிழ் எழுத்தில் எழுதும்போது சாய்க்க வேண்டாம், மேற்கோள் குறி போதும்.

இயற்பியல், பொறியியல் மாணவர்களுக்கு இன்னும் கண்டிப்பான விதி உண்டு. பன்னாட்டுத் தர அமைப்பின் கணிதக் குறியீட்டு மரபில் ஸ்கேலார் (திசை இல்லாத அளவு) சாதாரணச் சாய்வெழுத்து, வெக்டார் (திசையும் உள்ள அளவு) தடித்த சாய்வெழுத்து, டென்சார் (அவற்றைவிடச் சிக்கலான, பல கூறுகள் கொண்ட அளவு) தடித்த சாய்ந்த சான்ஸ் செரிஃப். முனைக்கோடு இருக்கிறதா இல்லையா என்பதே அங்கே வெக்டாருக்கும் டென்சாருக்கும் உள்ள வேறுபாடு. ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொண்டுவரும்போது எந்த எழுத்து எந்த வகை என்று பென்சிலால் குறித்துக் கொண்டுவாருங்கள். தட்டச்சு செய்பவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முகநூலில் சிலர் பெயரே தடித்துச் சாய்ந்து தெரிகிறதே, நானும் அப்படிப் போடலாமா?

அது எழுத்துரு அல்ல. மேலே சொன்ன கணிதத் தேவைக்காக, கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 2001-ல் சேர்க்கப்பட்ட தனிக் குறியீடுகள். ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள் 52-க்கும் தடித்த சாய்ந்த சான்ஸ் செரிஃப் குறியீடு இருக்கிறது. கிரேக்கத்துக்கும் இருக்கிறது. தமிழுக்கு இல்லை, எண்களுக்குக்கூட இல்லை. அதனால்தான் அந்த எழுத்து மாற்றிகளில் தமிழைப் போட்டால் அப்படியே திரும்பி வருகிறது.

ஆங்கிலப் பெயருக்கும் வேண்டாம் என்பேன். கணினிக்கு அது பெயராகத் தெரியாது, சூத்திரத் துண்டுகளாகத் தெரியும். தேடினால் பல இடங்களில் கிடைக்காது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் அதை எழுத்தெழுத்தாகக் கணிதக் குறி என்று நீட்டி வாசிக்கும், அல்லது தாண்டிப் போய்விடும். தன் பெயரை ஒருவர் காதில் விழாமல் செய்துகொள்வானேன்? வாட்ஸ்அப்பில் சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி வைத்தால் தடிக்கும். அது உண்மையான எழுத்தையே தடிக்க வைக்கிறது, தமிழுக்கும் வேலை செய்யும்.

எங்கள் கடை இணையப் பக்கத்தில் தமிழ் தானாகச் சாய்ந்து தெரிகிறது. நிறுத்த முடியுமா?

முடியும். பக்கத்தைச் செய்தவரிடம், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். கோப்பில் எழுத்துருவைச் செயற்கையாக உருவாக்கும் வசதியைத் தமிழ்ப் பகுதிக்கு அணைக்கச் சொல்லுங்கள். 'பாண்ட் சிந்தசிஸ்' என்றால் புரிந்துகொள்வார். ஆங்கிலத்துக்கு அணைக்கத் தேவையில்லை, அங்கே வரைந்த சாய்வு பெரும்பாலும் இருக்கும்.

ஒரே பலகையில் ஆங்கிலம் தடித்துச் சாய்ந்தும் தமிழ் நிமிர்ந்தும் இருந்தால் அசிங்கமாக இருக்காதா?

இரண்டும் ஒரே வரியில் தோளோடு தோள் இடித்து நின்றால் இருக்கும். மேலும் கீழுமாக இரண்டு வரிகளில் வைத்துப் பாருங்கள். தமிழ் மேலே, பெரிதாக, நிமிர்ந்து. ஆங்கிலம் கீழே, பாதி உயரத்தில், தடித்துச் சாய்ந்து. கோட்டுப் பருமன் மட்டும் இரண்டிலும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இதற்குத் தமிழை ஒரு படி குறைந்த தடிமனில் எடுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் சுழிகள் சேர்ந்து அதைக் கூடுதல் கருப்பாகக் காட்டும். சைக்கிள் கடை ஒன்றுக்கு இப்படிச் செய்தபோது, கடைக்காரர் முதலில் தயங்கினார். பலகை ஏறிய மாலையில் எதிர் டீக்கடையிலிருந்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர் கேட்கவே மாட்டேன் என்கிறார், தமிழைத் தடித்துச் சாய்த்தே ஆக வேண்டும். என்ன செய்வது?

அவர் காசு, அவர் விழா. மறுக்க வேண்டாம், ஆனால் பொத்தானிடம் விடாதீர்கள். எழுத்தை அவுட்லைனாக, அதாவது கையால் திருத்தக்கூடிய கோட்டு வடிவமாக, மாற்றிக்கொள்ளுங்கள். சாய்வை 6 அல்லது 8 டிகிரியோடு நிறுத்துங்கள். அதிகபட்சத் தடிமனிலிருந்து ஒரு படி இறங்குங்கள். பிறகு எழுத்து எழுத்தாக வாருங்கள். ஒவ்வொரு புள்ளியையும் பிடித்து அதன் எழுத்தின் மேல் திரும்ப வையுங்கள். ண, ன, ணை, கொம்பு ஆகியவற்றின் சுழிகளைத் திறந்துவிடுங்கள். ழகர வால் முந்தைய எழுத்தைத் தொட்டால் இடைவெளி கொடுங்கள். வரியின் கடைசி எழுத்துக்குப் பிறகு வரும் ஆச்சரியக்குறியையும் பாருங்கள், அது பெரும்பாலும் முட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து சொல் தலைப்புக்கு இருபது நிமிடம் ஆகும். முடித்ததும் சிறிதாக அச்சடித்து வாசல் சுவரில் ஒட்டி, சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று, மூன்று சுழியும் தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.